ஏழாவது வேட்டு

அன்று சாயங்காலம் ஆறு வேட்டுதான் கேட்டது. அப்போதும் அதைத்தான் சொன்னேன், இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். என் தம்பி ஏழு என்றான். கிணறு வெட்ட வந்த ஆட்களின் தலைவரும் ஏழு என்றார். ஆனால் எண்ணுவதற்கென்றே வரப்பில் நின்றவன் நான். அவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எண்ணுவது எனக்குப் பழக்கம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். பழக்கம் இல்லை, பிழைப்பு. மணியாச்சி ஜங்ஷனில் சரக்குப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். சரக்கு வண்டி உள்ளே வந்தால் எத்தனை பெட்டி, எத்தனை காலி, எதில் முத்திரை உடைந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. ஒன்று குறைந்தால் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து காகிதம் வரும். எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஓய்வு பெற்று, புதூருக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். அங்கே எண்ணுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வருஷத்தில் மழை பெய்த நாட்களை எண்ணலாம், சீக்கிரம் முடிந்துவிடும்.

அப்பா விட்டுப்போன நிலத்தில் எனக்கு நாலு குறுக்கம், தம்பிக்கு நாலரை; ஒரு குறுக்கம் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. இடையில் ஒரு வரப்பு. பாகம் பிரித்தபோது பழைய கிணறு என் பக்கம் வந்தது. அதற்கு ஈடாகத் தம்பி பக்கம் அரைக் குறுக்கம் கூடுதலாகப் போனது. நியாயமான பிரிவினைதான். அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பகுதியில் கரிசல் மண்ணுக்குக் கீழே வெள்ளைச் சுக்கான்கல், அதற்குக் கீழே பாறை. பாறையில் எங்கே ஊற்று கிடைக்கும், அது நல்ல தண்ணீரா உப்பா என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. என் கிணற்றில் நல்ல தண்ணீர். சித்திரை மாதத்திலும் இடுப்பளவு நிற்கும். அதை வைத்து ஒரு குறுக்கத்தில் மிளகாய் போட்டேன், வீட்டுக்குக் கத்தரி, வெண்டை. மற்ற மூன்று குறுக்கமும் வானத்தை நம்பி. தம்பி தன் பக்கத்தில் வெட்டிய கிணறு நாற்பது அடியில் பாறையோடு நின்றுவிட்டது. மார்கழியில் கொஞ்சம் தண்ணீர், மாசியில் ஈரம், பங்குனியில் அதுவும் இல்லை.

கடல் ஊருக்குள் புகுந்த அந்த மார்கழிக்குப் பிறகு எல்லோருக்கும் பூமியின் மேல் ஒரு சந்தேகம் வந்திருந்தது. மறு வருஷம் மாசி மாதம் ஒரு ஜீப் எங்கள் ஊருக்கு வந்தது. அதிலிருந்து ஒரு பெரிய அதிகாரியும் கண்ணாடி போட்ட ஓர் இளைஞரும் இறங்கினார்கள். கரையோரத்தில் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கும் உலைகளின் புகையில் கரியமில வாயு இருக்கிறதாம். அதைத் தனியாகப் பிரித்து, கடலோரத்தில் பூமிக்கு அடியில், மிக ஆழத்தில் இருக்கும் பாறை இடுக்குகளில் செலுத்தி மூடிவைக்கலாமா என்று ஒரு யோசனை. யோசனைதான், இன்னும் முடிவில்லை. அதற்கு முதலில் அந்தப் பூமி அமைதியான பூமியா என்று தெரிய வேண்டும். ஆடுகிற பூமிக்குள் எதை வைத்து மூடினாலும் நிற்காது. அதனால் வேம்பார்க் கடற்கரையிலிருந்து மேற்கே எங்கள் ஊர் வரை வரிசையாகப் பதினோரு இடங்களில் அதிர்வு பதியும் பெட்டிகளை வைக்கப் போவதாகச் சொன்னார்கள்.

டீக்கடையில் இதைக் கேட்டவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பேச்சு கிடைத்தது.

“பொகையப் பிடிச்சுப் பொதைக்கப் போறாவளாம்லா,” என்றார் டீக்கடைக்காரர். “எங்க வீட்டு அடுப்புப் பொகையையும் சேத்துக் கொண்டுபோகச் சொல்லும் அண்ணாச்சி. வீட்டுக்காரிக்கு இருமல் தாங்க முடியல.”

பெட்டியைக் கரிசல் மண்ணில் வைக்க முடியாது. வெயிலில் அது கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் உப்பும், தன்னால் நகரும். பெட்டியின் கீழே பாறை வேண்டும். எங்கள் ஊரில் பாறை மேலே தலைகாட்டும் இடம் என் கிணற்றங்கரை. அப்படித்தான் பதினோராவது பெட்டி என் நிலத்துக்கு வந்தது. ஒரு சிமெண்டுக் குழி, அதற்குள் பானை அளவில் ஒரு கருவி, பக்கத்தில் இரும்புப் பெட்டி, மேலே சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கும் தகடு. ஆடு மாடு நெருங்காமல் சுற்றிலும் முள்வேலி. அந்த வருஷம் என் நிலத்தில் ஆட்டுக்கிடை போட வேண்டாம் என்றார்கள். நூற்றுக்கணக்கான கால்கள் மிதித்தால் கருவி குழம்பிவிடுமாம். சரி என்றேன். எருவும் போனது.

எனக்கு அவர்கள் கொடுத்த வேலை இரண்டு. தகட்டில் படியும் தூசியைத் துடைக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எங்காவது வேட்டு வைத்தால் தொலைபேசியில் சொல்ல வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம் என்றார் இளைஞர். சின்ன அதிர்வாக இருந்தால் வேட்டையும் நிலநடுக்கத்தையும் ஒரே ஒரு பெட்டியை வைத்துப் பிரித்துச் சொல்வது கடினமாம். தூரத்தில் இருக்கும் மற்றப் பெட்டிகளும் அதே நேரத்தில் ஆடியிருந்தால் பூமி. ஒரு பெட்டி மட்டும் ஆடியிருந்தால் பக்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது. வேட்டாகவும் இருக்கலாம், அந்த இடத்துக்குக் கீழேயே உண்டான சிறு நடுக்கமாகவும் இருக்கலாம். அப்போது ஊர்க்காரர்கள் சொல்வதுதான் சாட்சி. இதை அவர் குச்சியால் மண்ணில் கோடு போட்டு விளக்கினார். ஓய்வு பெற்ற பிறகு என்னை உட்கார வைத்து ஒருவர் இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

பங்குனியில் தம்பி தன் கிணற்றை ஆழப்படுத்த ஆட்களைக் கூட்டி வந்தான். ஊரில் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று கிணற்றுக்கும் ஒரே கூட்டம், மாற்றி மாற்றி. அவர்கள் வேலை செய்யும் முறை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பகல் முழுக்கப் பாறையில் குழி போடுவார்கள். பொழுது சாயும் நேரத்தில் தோட்டாக்களைச் செருகி, திரிகளைப் பற்றவைத்துவிட்டு மேலே ஏறி ஓடுவார்கள். “வேட்டே, வேட்டு” என்று ஒருவர் கத்துவார். ராத்திரி முழுக்கப் புகை அடங்கிவிடும், காலையில் கல்லை அள்ளலாம். எத்தனை திரி வைத்தார்களோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் உள்ளே உயிரோடு ஒரு தோட்டா கிடக்கிறது என்று அர்த்தம். அதனால் வெளியே ஒருவர் நின்று எண்ணுவார். தம்பி கிணற்றில் வெட்டிய நாட்களில் அது நான்தான். தம்பிதான் கேட்டான். எண்ணுகிற வேலைக்கு என்னைவிட்டால் ஆள் யார் என்று சொன்னான். அப்போது எங்களுக்குள் பேச்சு இருந்தது.

தோட்டாக்கள் உரிமம் இல்லாமல் வந்தவை. மேற்கே பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர்களிலிருந்து யார் யாரோ கைமாற்றித் துணிப்பையில் வரும். அந்தப் பையைப் பார்த்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் பக்கத்து ஊரில் ஒருவரைப் பிடித்துக் காவல் நிலையத்தில் மூன்று நாள் உட்கார வைத்திருந்தார்கள். அவர் திரும்பி வந்ததிலிருந்து குனிந்து ஒரு செம்பைக்கூட எடுக்க முடிவதில்லை.

இளைஞர் மாதம் ஒரு தடவை வந்து பதிவுத் தட்டை மாற்றிக்கொண்டு போவார். முதல் தடவை வருவதற்கு முந்தின நாள் தம்பி வரப்புக்கு வந்தான். நேராக விஷயத்துக்கு வந்தான்.

“அண்ணே, அந்தப் பொட்டிக்காரங்ககிட்ட நீ என்ன சொல்லப் போற?”

“கேட்டதைச் சொல்லணும்லா. வேட்டு எத்தனைன்னு.”

“சொல்லு. எம் பேரையும் சேத்துச் சொல்லு. அப்பொறம் மூணு நாளைக்கு சோத்துவாளி தூக்கிட்டு ஸ்டேஷனுக்கு வா.”

“அவிய போலீஸ் இல்லலே. விஞ்ஞானிங்க.”

“கவர்மெண்டு ஜீப்புதானண்ணே? எல்லா ஜீப்பும் ஒரே பெட்ரோல்தான் குடிக்கி.”

மறுநாள் இளைஞரோடு பெரிய அதிகாரியும் வந்தார். டீக்கடை முன்னால் வைத்துப் பொதுவாக எல்லோரையும் கேட்டார், இங்கே கல் உடைக்க, கிணறு வெட்ட வேட்டு வைக்கிறீர்களா என்று. டீக்கடைக்காரர் கண்ணாடிக் கிளாஸைத் துடைத்துக்கொண்டே, “இங்கன வேட்டுன்னா கோயில் திருவிழாவுல, கொடைக்குப் போடுததுதான் சார்” என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் தலையை ஆட்டினேன். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் ஆட்டுவேன். விஞ்ஞானத்துக்காகத் தம்பியைக் காவல் நிலையத்துக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. விஞ்ஞானமும் அதற்குத் தகுதியாக நடந்துகொள்ளவில்லை என்பது பிறகு தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது அதிகாரி சந்தோஷமாக இருந்தார். இளைஞர் ஒரு நீளமான காகிதத்தை விரித்தார். எங்கள் பெட்டியில் மட்டும் நிறையச் சின்னச் சின்ன அதிர்வுகள், எல்லாம் பொழுது சாயும் நேரத்தில். பகலெல்லாம் சூடேறிய கரிசல் பூமி சாயங்காலம் குளிரும்போது உள்ளே நெரிகிறது என்று அதிகாரி விளக்கம் சொன்னார். அதுகூடப் பரவாயில்லை. இன்னொன்று கண்டுபிடித்திருந்தார். அமாவாசை அன்று மட்டும் ஒரு அதிர்வும் இல்லை. இரண்டு அமாவாசை, இரண்டிலும் சுத்தமான வெள்ளைக் காகிதம். சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் நின்று கடலை இழுக்கும் நாள் அல்லவா, கடல் ஏறி இறங்கும் கனத்தில் கரையோரப் பாறை இறுகிப் பிடித்துக்கொள்கிறது என்றார். இந்த மாதிரி ஒரு பதிவு இந்தக் கடற்கரையில் யாருக்கும் கிடைத்ததில்லை என்றும் சொன்னார்.

கிணறு வெட்டுகிறவர்கள் அமாவாசை அன்று கிணற்றுக்குள் இறங்கமாட்டார்கள். கடப்பாரையையும் சம்மட்டியையும் கழுவிப் பொட்டு வைத்துச் சாத்திவிட்டு, கறி எடுக்காமல் சாப்பிட்டுப் படுத்துத் தூங்குவார்கள். அந்தக் கூட்டத்துக்கு மட்டுமான வழக்கமா, எல்லோருக்குமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் அப்படித்தான்.

இளைஞருக்குச் சந்தேகம் இருந்தது. பௌர்ணமிக்கும் கடல் அதே மாதிரி ஏறுமே, அன்றைக்கு ஏன் அதிர்வு வழக்கம்போல இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். அதிகாரி காகிதத்தைச் சுருட்டினார். அந்த இளைஞர் ஜீப்பில் ஏறும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி, நிலாவுக்கும் உங்கள் தம்பி கிணற்றுக்கும் என்ன சொந்தம் என்று கேட்டுச் சிரித்தாள். டீக்கடையில் தம்பியை ஒரு மாதத்துக்குச் சந்திரன் என்றுதான் கூப்பிட்டார்கள். தெலுங்கு பேசும் வீட்டுப் பெரியவர் ஒருவர் அவன் போகும்போதெல்லாம் “ஏமி சந்துருடு, இன்னைக்கு உதிக்கலையா?” என்பார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஆனி கடைசியில் தம்பியின் கிணறு அறுபது அடியைத் தாண்டியிருந்தது. ஈரம் தெரிந்தது, ஊற்று வரவில்லை. தம்பிக்குக் கண் உள்ளே போய்விட்டது. ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் வடக்குச் சுவரை ஒட்டி, அதாவது என் கிணற்றுப் பக்கமாக, ஏழு குழி போட்டார்கள். பொழுது சாய்ந்ததும் திரி வைத்தார்கள். நான் வரப்பில் நின்றேன்.

ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் இடைவெளி. நாலு. ஐந்தும் ஆறும் நெருக்கமாக. பிறகு ஒன்றும் இல்லை. நான் காத்து நின்றேன். கல் விழும் சத்தமும் நின்றுவிட்டது.

ஆறு என்றேன். ஓடிப்போய்க் கருவேலமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி எழுந்து வந்து ஏழு என்றான். கடைசியில் ரெண்டு ஒன்றாய் வெடித்தது என்றான். கூட்டத்தின் தலைவரும், நாலாவதுதான் இரட்டை, சத்தத்தின் கனத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா அண்ணாச்சி என்றார். ஒருவர் கடைசி இரட்டை என்கிறார், ஒருவர் நாலாவது இரட்டை என்கிறார். இதிலேயே தெரியவில்லையா? நான் விடாமல் சொன்னதால், சரி, எப்படியும் நாளைக்கு அமாவாசை, நாளை மறுநாள் பார்த்து இறங்குவோம் என்று முடித்தார்கள்.

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடத் தம்பி குடும்பத்தோடு வேம்பார்க் கடலுக்குப் போனான். மூத்தவன் நான் போயிருக்க வேண்டும். முழங்கால் வீங்கியிருந்ததால் போகவில்லை. காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். காலடித் தரை நடுங்கியது. சமையல்கட்டில் அடுக்கியிருந்த பித்தளைப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசின. வெளியே ஒரு சத்தம், முழங்குகிற மாதிரி. வேட்டு அடித்தால் ஒரே அடி, நின்றுவிடும். இது சரக்கு வண்டி பாலத்தில் ஏறுகிற மாதிரி தூரத்திலிருந்து வந்து, தாண்டிப் போன மாதிரி எனக்குப் பட்டது. மனைவியைக் கேட்டேன். அவள் ஒரே அடிதான் என்றாள். அவள் புழக்கடையில் இருந்தாள், நான் உள்ளே இருந்தேன்.

காலை இழுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். முந்தின நாள் வரை இடுப்பளவு நின்ற தண்ணீர் கெண்டைக்காலுக்கு இறங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படியில் ஈரக்கோடு ஒவ்வொன்றாக மேலே தெரிந்தது. மத்தியானத்துக்குள் தரை தெரிந்தது. ஒரு தவளை வெயிலில் உட்கார்ந்திருந்தது. வரப்பைத் தாண்டிப் போய்த் தம்பியின் கிணற்றை எட்டிப் பார்த்தேன். கலங்கல் தண்ணீர், ஒரு ஆள் உயரத்துக்குமேல் நின்றது. ஏழு குழியும் அதற்கு அடியில் இருந்தன. எல்லாம் வெடித்ததா, ஒன்று மிச்சமா என்று இனி யாரும் இறங்கிப் பார்க்க முடியாது.

கடலிலிருந்து திரும்பி, ஊருக்குள் அதிர்வைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்த தம்பி தண்ணீரைப் பார்த்துக் கரையில் அப்படியே உட்கார்ந்தான். அழுதான். அதற்குப் பிறகுதான் நான் நிற்பதைப் பார்த்தான்.

“அங்கனயும் ஆடுச்சுண்ணே. தண்ணிக்குள்ள நிக்கேன், காலுக்கடியில மண்ணு நெளிஞ்சுது. சத்தியமா.”

“அலையில நின்னா மண்ணு நகரத்தாம்லே செய்யும்.”

“இது அது இல்ல.”

“முந்தின நாள் ஆறுதான் வெடிச்சுது. ஏழாவது காலையில வெடிச்சிருக்கு. ஏங் கெணத்துப் பக்கத்துப் பாறைய ஒடச்சிருக்கு.”

“அணைஞ்ச திரி விடிஞ்சப்புறம் எப்பிடிண்ணே தானா பத்தும்?”

அது எனக்குத் தெரியாது. திரி உள்ளே கனன்றுகொண்டே கிடந்து மறுநாள் வெடித்ததாக ஊரில் கதைகள் உண்டு. கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. இப்படிப் பதில் தெரியாமல் நிற்பதுதான் எனக்கு ஆகாதது. பூமி ஆடி என் தண்ணீரை அவனிடம் கொண்டுபோயிருந்தால் அது யார் குற்றமும் இல்லை, நான் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். தோட்டா உடைத்திருந்தால் அது அவன் குற்றம். எவ்வளவு சொல்லியும் ஏழு என்று சாதித்த குற்றம். இரண்டில் எது என்று தெரியாமல் நான் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஆனால் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. மற்றப் பத்துப் பெட்டிகளும் அன்று காலை ஆடினவா? ஆடியிருந்தால் பூமி. என் பெட்டி மட்டும் ஆடியிருந்தால், அதுவும் சந்தேகம்தான், ஆனால் அந்தச் சந்தேகம் எனக்குப் போதும். அந்த ஒரு பதிலுக்காகத்தான் காத்திருந்தேன்.

ஆவணியில் ஜீப் வரவில்லை. வேறு இருவர் ஒரு வேனில் வந்து கருவியைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஆய்வு முடிந்துவிட்டது என்றார்கள். முள்வேலியையும் சிமெண்டுக் குழியையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

தூத்துக்குடியில் அவர்கள் தற்காலிகமாக அலுவலகம் வைத்திருந்த வாடகை வீட்டுக்கு நானே போனேன். பஸ்ஸில் போனால் சீக்கிரம். ஆனால் எனக்கு ரயில்வே பாஸ் இருக்கிறது, அதனால் கோவில்பட்டி போய் ரயில் ஏறி மணியாச்சியில் மாறினேன். நான் இருந்த அறையில் இப்போது ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வழியில் கடம்பூர் ஸ்டேஷனில் போளி விற்றார்கள், இளைஞருக்காக ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். வெறுங்கையோடு போனால் பதில் வராது என்று எனக்கு ஓர் எண்ணம்.

இளைஞர் மட்டும் இருந்தார். மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன், வேட்டைப் பற்றிச் சொல்லாமல். ஆடி அமாவாசை காலையில் ஓர் அதிர்வு வந்தது, அது உங்கள் மற்றப் பெட்டிகளில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

அவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு, உங்கள் பெட்டியில் அது இருந்தது ஐயா, பெரிதாகவே இருந்தது என்றார். மற்றதில்? என்று கேட்டேன்.

“பார்க்கலைய்யா.”

“ஏன் சார்?”

“அமாவாசை அன்னிக்கு அதிர்வு வராதுங்கிறதுதான் அறிக்கையே. நாலு அமாவாசையில மூணு சரியா வந்திருக்கு. நாலாவதுல இது. பெரிய சார் பார்த்துட்டு, இது யாரோ வெச்ச வேட்டு, எடுத்துடுன்னு சொல்லிட்டார். எடுத்துட்டேன்.”

“மத்தப் பெட்டியில இன்னும் இருக்கும்லா? இப்பம் பாக்கலாமே.”

“தட்டெல்லாம் அழிச்சுட்டோம். அடுத்த இடத்துக்கு வேணும்னு.”

நான்கு மாதம் சாயங்காலங்களில் தம்பியும் மற்ற இருவரும் வைத்த வேட்டு முழுவதும் பூமி ஆடியதாக அந்த அறிக்கையில் இருக்கிறது. வேட்டே வைக்காத அமாவாசை நாளில் வந்தது வேட்டு என்று போயிருக்கிறது. நான் அவரிடம் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். யாருக்குச் சொல்வது? அவர் அட்டைப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். தயங்கி, அங்கே நிஜமாகவே வேட்டு வைக்கிறார்களா ஐயா என்று கேட்டார். அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். கோயில் கொடைக்குப் போடுவார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். போளியை மேஜையில் வைத்தேன். அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம் என்று மணியாச்சி வருகிற வரை நினைத்தேன்.

ஊரில் இறங்கியபோது தம்பி டீக்கடையில் இருந்தான். அவன் கேட்காமல் நானே சொன்னேன், ஆபீஸில் அதை வேட்டு என்று எழுதியிருக்கிறார்கள் என்று. பெஞ்சில் இருந்தவர்கள் டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மத்தப் பொட்டியப் பாத்தாவளா?”

“பாக்கல.”

“அப்பம் அவியளுக்கும் தெரியாது.”

“தெரியாது.”

“நாங் கடல்ல நின்னு சொல்லுதேன், ஆடுச்சுன்னு. அப்பாவுக்கு எள்ளுத் தண்ணி விட்ட கையோட சொல்லுதேன். அவிய வேட்டுன்னு சொல்லுதாவ. நீ எதை நம்புத?”

பாத்திரங்கள் உரசியதும், அந்த நீண்ட முழக்கமும் என் காதில் இருந்தன. அதே காதில்தான் முந்தின நாள் ஆறும் கேட்டது. ஒரு காதை நம்பினால் அவன் சொல்வது சரி, அதே காதை நம்பினால் அவன் சொல்வது பொய்.  அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். மீதி டீயை மண்ணில் ஊற்றிவிட்டு எழுந்து போனான். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அந்த வருஷம் என் மிளகாய் காய் பிடிக்காமலே கருகியது. அவன் ஒரு குழாயை வரப்புக்கு மேலே தூக்கி என் வாய்க்காலில் போட்டு மோட்டாரை ஓடவிட்டிருந்தான், ஒரு காலையில். நான் அதை எடுத்து அவன் பக்கம் திருப்பிப் போட்டேன். மறுநாளும் போட்டிருந்தான். மறுநாளும் திருப்பினேன். மூன்றாம் நாள் போடவில்லை. என் மனைவி மட்டும் குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். அவளுக்கும் அவன் மனைவிக்கும் எந்தச் சண்டையும் இல்லை. அந்தத் தண்ணீரில்தான் எங்கள் வீட்டில் சோறு பொங்குகிறது, நானும் சாப்பிடுகிறேன்.

புகையைப் புதைக்க யாரும் வரவில்லை. இந்தக் கரை ஆடுகிற கரை என்று அந்த அறிக்கையில் முடித்துவிட்டார்களோ, அல்லது யோசனையையே விட்டுவிட்டார்களோ, எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. உலைகளின் எண்ணிக்கை கூடியிருப்பதாகப் பத்திரிகையில் வருகிறது. சிமெண்டுக் குழியில் மழைத் தண்ணீர் நின்று கொசு வந்ததால் கல்லைப் போட்டு மூடினேன்.

முழங்கால் இடம் கொடுக்கிற நாட்களில் கிணற்றுக்குள் இறங்குகிறேன். தெற்குச் சுவரில், தம்பி பக்கமாக, விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு குறுக்காக ஓடுகிறது. அதன் விளிம்பில் பாசி கறுத்துக் கிடக்கிறது, பழைய பிளவு போலவும் இருக்கிறது. உள்ளே கல் வெளுத்திருக்கிறது, புதிது போலவும் இருக்கிறது. இந்தக் கிணற்றின் படிகளை நான் சின்ன வயதிலிருந்து எண்ணியிருக்கிறேன். அந்தச் சுவரை ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. அது எப்போதும் தண்ணீருக்குள் இருந்தது.

காலையில் இறங்கினால் பாறையில் கை வைத்துக்கொண்டு நிற்பேன். தம்பி மோட்டாரைப் போட்டால் உள்ளங்கையில் அதிர்வு தெரியும். நிறுத்தினால் அதுவும் தெரியும்.